ஜோர்ஜியப் பாடத்தில் நான் விட்ட பக்கம்

ஹட்டன் பஜாரில் ஒரு ஹார்ட்வேர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் மொழிப் பயிற்சி வகுப்பு இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குப் பேச்சு மொழி சொல்லிக்கொடுக்கும் இடம். பதினோரு வருடம் அங்கே மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது பாடம் எடுக்கும் தர்ஷினி போன மாதம் எனக்கு ஒரு வேலை கொடுத்தாள்.

"சார், ஜோர்ஜியா பாஷையும் தாய்லாந்து பாஷையும் தெரிஞ்ச ஆளு இந்தப் பக்கத்துல நீங்க ஒருத்தர்தான். ரெண்டையும் ஒப்பிட்டு ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. இப்ப எல்லாரும் போன்ல மொழிபெயர்த்து அத நீட்டியே பேசிர்றாங்க. பாஷையோட ருசியாவது தெரியட்டுமே."

ஓய்வு பெற்றவனிடம் நாலு பக்கம் கேட்டால் நாற்பது பக்கம் வரும் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. உட்கார்ந்தேன். முதல் இரண்டு பக்கம் மளமளவென்று வந்தது. மூன்றாவது பக்கத்தில் என் பழைய மாணவி ராஜேஸ்வரி நினைவில் வந்து நின்றுகொண்டாள். அவளைத் தாண்டி எழுத எனக்கு முடியவில்லை. ஆகவே இது ஒப்பீடாகத் தொடங்கி வேறொன்றாக முடியும். தர்ஷினி என்னை மன்னிக்க வேண்டும்.

நான் மொழி படித்தவன் அல்ல. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டு லயத்தில் பிறந்து, தேயிலைத் தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கும் வேலையில் சேர்ந்து, தூள் தயாரிப்புக்கே பொறுப்பான டீமேக்கர் வரைக்கும் உயர்ந்தவன். எப்படி உயர்ந்தேன் என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறேன். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவன் என்னைவிடக் கெட்டிக்காரன். ஒரு நாள் தோட்டத்து அதிகாரியான தொரையிடம், "இந்த மெஷின்ல இன்னைக்கி ஓட்ட முடியாதுங்க, பெல்ட் அறுந்துரும்" என்றான். பெல்ட் அறுந்தது உண்மைதான். ஆனாலும் அடுத்த வாரம் அவனை மலையில் வெளிவேலைக்கு அனுப்பிவிட்டார்கள். நான் எதற்கும் "சரிங்க தொரை" என்றேன். எனக்குப் பதவி கிடைத்தது. அன்று மனதில் விழுந்த பாடம் ரொம்ப நாள் அழியவில்லை.

ஜோர்ஜியாவிலும் தேயிலை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அந்த நாட்டின் மேற்குப் பக்கத்து மலைகளில் காடாகிப்போன தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் திருப்பி எடுத்து நடத்த முயன்ற ஒருவர் இங்கிருந்து ஒரு டீமேக்கரைக் கேட்டார். நான் போனேன். நாலு வருடம் இருந்தேன். அங்கிருந்து தாய்லாந்தின் வட மலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு மூன்று வருடம். இரண்டு மொழியும் எனக்குக் கொழுந்து வாடும் வாசனையோடுதான் ஏறின.

ஜோர்ஜியாவில் இறங்கி விமான நிலையப் பலகையைப் பார்த்ததும், யாரோ சிங்களத்தை அவசரத்தில் எழுதிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு வளைவு, அவ்வளவு சுழி. கிட்டப் போனால் ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. மொத்தம் முப்பத்து மூன்று எழுத்து. உயிர் ஐந்துதான், குறில் நெடில் தொல்லை இல்லை. மெய்தான் ஆளைக் கொல்லும். தொழிற்சாலை மெக்கானிக் எனக்குச் சொல்லித்தந்த முதல் வாக்கியம், "பகாகி த்ஸ்கால்ஷி கிகினெப்ஸ்". தவளை தண்ணீரில் கத்துகிறது என்று அர்த்தம். அந்தக் 'க'வைத் தொண்டைக்குழிக்குள்ளிருந்து வெடிக்க வேண்டும். ஒரு வாரம் நான் தவளையாகவே இருந்தேன். மெக்கானிக் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் தமிழனுக்கு அந்த மொழி உள்ளே போகப் போக ஒத்துவரும். 'த்ஸ்கால்ஷி' என்பதில் கடைசி 'ஷி' நம்முடைய 'தண்ணீரில்' என்பதில் வரும் 'இல்' மாதிரி, சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். அவனா அவளா என்ற பேதம் கிடையாது, எல்லாருக்கும் ஒரே சொல். அப்பாவை 'மாமா' என்பார்கள், அம்மாவை 'தெதா' என்பார்கள், ரொட்டியை 'பூரி' என்பார்கள். எழுபது என்று சொல்ல 'மூன்று இருபதும் பத்தும்' என்று எண்ணுவார்கள். எல்லாவற்றையும்விட வினைச்சொல்தான் அதிசயம். யார், யாருக்கு, என்ன செய்தார் என்பதையெல்லாம் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுவார்கள். 'நான் உன்னை நேசிக்கிறேன்' என்பது அங்கே ஒரே சொல், 'மிக்வார்ஹார்'.

தாய்லாந்து மொழி இதற்கு நேர் எதிர். (அதைத் 'தாய் மொழி' என்று எழுதினால் நம் ஆட்கள் தமிழ்ப் பாடம் என்று நினைத்து வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி ஒரு தடவை நடந்தது.) அங்கே வினைச்சொல் அசையாது. சாப்பிட்டேன், சாப்பிடுவான், சாப்பிடுகிறோம் எல்லாம் 'கின்'தான். ஜோர்ஜியன் சொல்லுக்குள் அடைப்பதைத் தாய்லாந்துக்காரர் ராகத்தில் வைத்திருக்கிறார். ஐந்து ராகம். 'க்லாய்' என்பதைச் சமமாகச் சொன்னால் தூரம், இறக்கிச் சொன்னால் பக்கம். இந்த ஒரு சொல்லால் நான் நடந்த தூரம் கொஞ்சமல்ல. எழுத்தைப் பார்த்தால் மட்டும் மனம் தேறும். நாம் 'கெ' எழுதும்போது கொம்பை முன்னால் போட்டு எகரத்தைப் பின்னால் சொல்கிறோமே, அவர்களும் அப்படித்தான். சாப்பாடு 'ஆஹான்', நம்முடைய ஆகாரம். ஆசிரியர் 'க்ரூ', நம்முடைய குரு. வாக்கியத்தின் கடைசியில் ஆண்கள் 'க்ராப்' என்றும் பெண்கள் 'கா' என்றும் மரியாதை சேர்ப்பார்கள். நாம் எல்லாவற்றுக்கும் 'ங்க' போடுகிற மாதிரி. எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. எதற்கெடுத்தாலும் க்ராப், க்ராப்.

அங்கே இலை வறுக்கும் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த பெண்ணைப் 'பி நோய்' என்று கூப்பிடுவோம். 'பி' என்றால் அக்கா. ஒரு நாள் அவர் சூட்டைப் பற்றி வேகமாக ஏதோ சொன்னார். எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. 'சரிங்க' என்கிற பாவனையில் "க்ராப்" என்றேன். ஒரு தட்டு இலை முழுவதும் கருகிப்போனது. பி நோய் கோபிக்கவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, "நீ க்ராப் சொல்றது காதுக்கு நல்லாத்தான் இருக்கு. உனக்கு விளங்குதா இல்லையான்னுதான் எனக்குத் தெரியல. மொதல்ல இதப் படி" என்று மூன்று சொல் சொல்லிக்கொடுத்தார். 'மாய் காவ் ஜாய்', எனக்கு விளங்கவில்லை. அன்றிலிருந்து இலை கருகவில்லை. இவ்வளவு நல்ல பாடம் கிடைத்தும் அதை நான் ஊருக்குக் கொண்டுவரவில்லை. சாமான் பெட்டியில் என்னென்னவோ கொண்டுவந்தேன், இதை மட்டும் விட்டுவிட்டேன்.

ஊருக்குத் திரும்பியதும் ஹார்ட்வேர் கடை ஹாஜியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கடை அவருடையது, மேல்மாடியும் அவருடையது, வகுப்பைத் தொடங்கியவரும் அவர்தான். அவருக்குத் தமிழும் சிங்களமும் தவிர வேறு தெரியாது. ஆனாலும் தினமும் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் மேலே வந்து, கடைசி வாங்குப் பலகையில் மாணவர் மாதிரி உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்பார். குறுக்கே பேசமாட்டார். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே நான் பாடம் தயாரித்த நாட்கள் உண்டு. அப்படி ஒரு மேலாளரை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

பாடப் புத்தகத்தை நான்தான் எழுதினேன். தாய்லாந்துக்கு ஒன்று, ஜோர்ஜியாவுக்கு ஒன்று. வகுப்பு நடத்திய முறையும் என்னுடையதுதான். தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்களே, அதே மாதிரி மாணவர்களை நிற்கவைப்பேன். ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று முதலாளி மாதிரிக் கேட்பேன். "ரோகோர் ஹார்த்?" எப்படி இருக்கிறீர்கள்? உடனே பதில் வர வேண்டும். "கார்கத் வார், கல்பாத்தோனோ." நலமாக இருக்கிறேன், அம்மா. ஆண் முதலாளி என்றால் 'பாத்தோனோ'. அடுத்தது, இதைச் செய்வீர்களா? "தியாக், கல்பாத்தோனோ." ஆமாம், அம்மா. அதற்கடுத்தது நன்றி. அதற்கடுத்தது மன்னிப்பு. ஐம்பது வாக்கியமும் இந்தச் சாயலில்தான். லயத்தில் பிறந்தவர்களுக்கு இது ஒரு வாரத்தில் வந்துவிடும். உடம்பு ஏற்கெனவே பழகியிருந்தது, வாய் மட்டும்தான் பழக வேண்டும். எங்கள் ஆட்களை அங்கே எல்லாரும் விரும்பிக் கேட்டார்கள். நான் பூரித்துப்போனேன்.

ஒரு நாள் ஹாஜியார் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

"மாஸ்டர், எல்லாம் நல்லா இரிக்கி. இந்த 'ஏலாது', 'முடியாது'ன்னு சொல்ற பாடம் எந்தப் பக்கத்துல இரிக்கி?"

"அது தேவப்படாதுங்க ஹாஜியார்."

"தேவப்படாதா?"

"நம்மாளுங்களக் கேக்குறதே அவங்க 'ஏலாது' சொல்லாததுனாலதானேங்க."

"ஒரு பக்கம் கூடப் போட்டா புத்தகம் பாரமாயிராது" என்றார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நான் அந்தப் பக்கத்தைப் போடவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் அவர் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். அவரிடம் நான் சரியான பதில் சொல்லாத கேள்வி அது ஒன்றுதான்.

ராஜேஸ்வரி திம்புள்ளப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள். அப்போது முப்பத்தைந்து வயது. புருஷன் இல்லை, ஒரு மகள். ஜோர்ஜியாவில் ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பதிந்திருந்தாள். மகளைப் பட்டப்படிப்பு வரைக்கும் படிக்கவைத்துவிட வேண்டும், திரும்பி வந்தாலும் தன் கையை நம்பி மலையில் நிற்க முடியும் என்பது அவள் கணக்கு. தோட்டத்தில் அவளை மாதிரி இரண்டு கையாலும் பறிக்கிறவர்கள் இல்லை என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். என் வகுப்பிலும் அவள்தான் முதல். அந்தத் தொண்டைக் 'க'வை முதல் நாளே வெடித்தாள்.

ஒரு நாள் வரிசையில் அவள் முன்னால் போய் நின்று வழக்கம்போல, "ரோகோர் ஹார்த்?" என்றேன்.

"தல சுத்துது மாஸ்டர். காலையிலருந்து காய்ச்சல்" என்றாள் தமிழில்.

முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. உட்காரச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "வேலைக்குப் போற எடத்துல தல சுத்தக்கூடாது, ராஜேஸ்வரி. கேள்விக்குப் பதில் ஒன்னுதான். பத்துத் தரம் சொல்லுங்க" என்றேன். சொன்னாள். "கார்கத் வார், கல்பாத்தோனோ. கார்கத் வார், கல்பாத்தோனோ." ஏழாவது தரம் குரல் நடுங்கியது. வகுப்பு சிரித்தது. பத்தாவது தரம் அவளும் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் அவளைக் காட்டி மற்றவர்களிடம், "இப்படித்தான் இருக்கணும்" என்றேன்.

போய் ஒரு வருடம் நன்றாகத்தான் இருந்தாள். இரண்டாவது குளிர்காலத்தில், முற்றத்தில் விறகு எடுக்கப் போனவள் உறைந்த தண்ணீரில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு வீங்கியது. அந்த மூதாட்டியின் மகள், நானா என்று பெயர், மாலையில் வேலை முடிந்து வரும்போதெல்லாம் கேட்டிருக்கிறாள். வலிக்கிறதா? எப்படி இருக்கிறீர்கள்? ராஜேஸ்வரி சட்டைக் கையை இறக்கிவிட்டுச் சிரித்திருக்கிறாள். "கார்கத் வார், கல்பாத்தோனோ." திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்துக்குத் தோதாக நான் கொடுத்தனுப்பிய வாக்கியம்.

போனில் மொழிபெயர்த்துக் கேட்டிருக்கலாமே என்று தர்ஷினி இதைப் படித்தால் கேட்பாள். திக்கித் திணறுகிறவர்களிடம்தான் போனை நீட்டுவார்கள். இவ்வளவு சுத்தமாகப் பதில் சொல்கிறவளிடம் யார் நீட்டுவார்கள்?

பத்து வாரம் அந்தக் கையோடு மூதாட்டியைத் தூக்கினாள், துவைத்தாள், விறகு சுமந்தாள். ஒரு நாள் சூப்புப் பானை கையை விட்டு விழுந்தபோதுதான் நானா அந்தக் கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். எலும்பு முறிந்து, கோணலாகச் சேர்ந்துவிட்டது. முதல் வாரமே வந்திருந்தால் ஒரு கட்டோடு போயிருக்கும் என்றாராம் டாக்டர்.

ஊருக்கு வந்த ராஜேஸ்வரி நேராக மேல்மாடிக்கு வந்தாள். கையில் ஒரு கடிதம். நானா கணினியில் அடித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. "நல்லா எழுத வரும்கிறதுனால அவங்க பாஷையிலயே எழுதியிருக்காங்க மாஸ்டர். பேசத்தான தெரியும் எனக்கு, இவ்வளவையும் படிக்க வராதே. வாசிச்சுச் சொல்லுங்க" என்று நீட்டினாள். வலது கையால் நீட்டினாள். விரல்கள் தாளைச் சரியாகப் பிடிக்கவில்லை.

வாசித்தேன். இன்றைக்கும் எனக்கு அது மனப்பாடம்.

'நான் ஒவ்வொரு மாலையும் கேட்டேன். ராஜேஸ்வரி சிரித்துக்கொண்டு நலம் என்றாள். எங்கள் மொழியை அவ்வளவு அழகாகச் சொன்னதால் நான் நம்பிவிட்டேன். என்மேலும் தவறு இருக்கிறது, நான் கையைப் பார்த்திருக்க வேண்டும். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் யாரென்று எனக்குத் தெரியாது. அவரிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். நன்றி என்ற சொல்லுக்கு முன்னால், வலிக்கிறது என்ற சொல்லைக் கற்றுக்கொடுங்கள். வலிக்கிறது என்று சொன்னதற்காக நாங்கள் யாரையும் துரத்தமாட்டோம்.'

ராஜேஸ்வரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்கு ரொம்ப நன்றின்னு எழுதியிருக்காங்க. அந்த அம்மா ஒங்கள நெனச்சுக்கிட்டே இருக்காங்களாம்" என்றேன்.

"வேற ஒன்னும் இல்லையா மாஸ்டர்? இம்புட்டு நீளமா இருக்கே?"

"அந்தப் பாஷையில அப்படித்தான் நீட்டி நீட்டி எழுதுவாங்க."

ஒரு வாக்கியத்தையே ஒரு சொல்லுக்குள் அடைக்கும் மொழி என்று அதே அறையில் அதே ஆளிடம் பெருமையடித்தவன் நான். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு போனாள். மலையில் அவளால் அதன் பிறகு நிற்க முடியவில்லை. கொழுந்து பறிக்க விரல் மடங்க வேண்டுமே. இப்போது தோட்டத்தில் வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில் உதவிக்கு இருக்கிறாள்.

அடுத்த வாரமே இரண்டு புத்தகத்திலும் அந்தப் பக்கத்தைச் சேர்த்தேன், முதல் பக்கமாக. ஆகவே, ஆசைப்பட்டுப் படிக்க வருகிறவர்களே, நீங்கள் தவளையிலிருந்து தொடங்க வேண்டாம். ஜோர்ஜியனில் செய்யமாட்டேன் என்பதற்கு 'அர்', என்னால் முடியவில்லை என்பதற்கு 'வெர்', செய்யாதே என்பதற்கு 'நு'. தாய்லாந்து மொழியில் வினைக்கு முன்னால் 'மாய்' போட்டால் மறுப்பு. வலிக்கிறது என்பதற்கு ஜோர்ஜியனில் 'ம்த்கிவா', தாய்லாந்தில் 'ஜெப்'. இரண்டு மொழியும் எத்தனை தூரத்தில் இருந்தாலும் இந்தச் சொற்கள் இரண்டிலும் சின்னவைதான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். நானும் ஒரு மூச்சில் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

இதுவரை எழுதியதும் பேனாவை வைத்துவிட்டேன். ஊருக்கெல்லாம் உண்மையை எழுதிவிட்டு, உரியவளிடம் மட்டும் பொய்யை விட்டுவைப்பது சரியில்லை என்று பட்டது. போன சனிக்கிழமை தலவாக்கலை பஸ் ஏறினேன்.

பிள்ளைக் காம்பரா வாசலில் ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். இடது இடுப்பில். "வாங்க மாஸ்டர், பனியில வந்திருக்கீங்களே" என்று உள்ளே போய்ப் பிளேன்டீ ஊற்றி வந்தாள். குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"ராஜேஸ்வரி, அந்தக் கடுதாசி... அன்னைக்கி நான் ஒங்களுக்குச் சரியா வாசிச்சுச் சொல்லல."

"தெரியும் மாஸ்டர்."

"எப்படி?"

"மக ரெண்டு வருஷத்துக்கு முன்னுக்கே கடுதாசிய போன்ல படம் புடிச்சுப் பாத்தா. எல்லாம் தமிழ்லயே வந்துச்சு."

"அப்ப ஏன் என்கிட்ட வந்து கேக்கல?"

அவள் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள். "கேட்டா ஒங்களுக்குச் சங்கடமா இருக்கும்ல" என்றாள்.

அவள் மனம் நோகக்கூடாது என்று நான் மறைக்கவில்லை, என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் மறைத்தேன் என்று சொன்னேன். அழுதுவிட்டேன். அவள் கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் வலது மணிக்கட்டை இடது கை விரல்களால் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டே இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"குளிருக்கு வலிக்குதா?" என்றேன்.

கையைச் சட்டென்று சேலைக்குள் இழுத்துக்கொண்டு சிரித்தாள்.

"கார்கத் வார், பாத்தோனோ."

உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை.